பனோரமா நெகட்டிவுக்கு என்லார்ஜர் தேடுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து முதல் பிரிண்ட் வரை

பனோரமா கேமராவில் கருப்பு வெள்ளை எடுக்கத் தொடங்கியவர்கள், நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியான என்லார்ஜர் தேடி என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "இந்த மாடல் என்லார்ஜர் விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "நெகட்டிவ் எத்தனை மில்லிமீட்டர் நீளம்?" பெரும்பாலும் பதில் இருக்காது. அப்படி அளக்காமல் வாங்கி, படத்தின் இரண்டு ஓரங்களையும் இழந்து, மறுபடி விற்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வரிசை இதுதான்: நெகட்டிவ், பிரிண்ட் அளவு, வெளிச்சம், கேரியர் (நெகட்டிவைப் பிடித்து வைக்கும் சட்டம்), லென்ஸ். இவை ஐந்தும் முடிவான பிறகே என்லார்ஜரின் பெயர். 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கும் 24×65 அளவை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். இன்று அதிகம் பேர் கையில் இருப்பது அதுதான். 6×12, 6×17 (சென்டிமீட்டரில் சொல்லும் பெரிய ஃபிலிம் அளவுகள்) வைத்திருப்பவர்களுக்கு நடுவில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை: மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், இழந்தாலும் பரவாயில்லை என்கிற உங்கள் சொந்த பனோரமா நெகட்டிவ் ஒன்று, சின்ன டார்ச், சின்ன ரசமட்டம், முழுக்கக் கருத்துப்போன ஃபிலிம் துண்டு ஒன்று. ரோலின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டுக் கருத்திருக்கும் பகுதியே இதற்குப் போதும். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

1. நெகட்டிவை அளந்து இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதல் எண், படத்தின் நீளம். இரண்டாவது, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள குறுக்களவு. இரண்டும் வேண்டும், ஏனென்றால் இவை வெவ்வேறு பாகங்களைத் தீர்மானிக்கின்றன. நெகட்டிவ் கேரியரில் பொருந்துமா என்பதை நீளம் சொல்லும். லென்ஸும், விளக்கின் ஒளியை நெகட்டிவ் மேல் குவிக்கும் கண்ணாடியான கண்டென்சரும் முழுப் படத்தையும் எட்டுமா என்பதைக் குறுக்களவு சொல்லும்.

ஹாசல்பிளாட் எக்ஸ்பான், அதன் இரட்டைப் பிறவியான ஃபூஜி டிஎக்ஸ்-1 இரண்டும் 24×65 மி.மீ. நோப்ளெக்ஸ் 135-இல் 24×66. லென்ஸ் சுழன்று படமெடுக்கும் வைட்லக்ஸ் 35 மி.மீ. மாடல்களில் 24×59, ஹொரைசான் 202-இல் 24×58. பல்சக்கர ஓட்டைகளோடு சேர்த்து எடுக்கும் ஸ்ப்ராக்கெட் ராக்கெட் கேமராவில் சுமார் 33×72. கேமராப் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் நெகட்டிவைக் கையால் அளந்து பாருங்கள். பழைய கேமராக்களில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், அந்த ஒரு மில்லிமீட்டருக்காகக் கேரியரை மறுபடி ராவ வேண்டி வரும்.

24×65-க்குக் குறுக்களவு 69 மி.மீ. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாம் எளிது.

இந்த இடத்தில் புதியவர்கள் மூன்று விதமாகத் தவறுகிறார்கள். "ஃபிலிம் 35 மி.மீ. தானே, அப்போ 35 மி.மீ. என்லார்ஜர் போதும்" என்பது முதலாவது. அந்த என்லார்ஜர் 24×36 படத்துக்கானது, உங்கள் படத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் அதில் தெரியும்.

இரண்டாவது, 6×6 என்லார்ஜர் வாங்குவது. 6×6 படத்தின் குறுக்களவு 79 மி.மீ., நம்முடையது 69, ஆகவே போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். லென்ஸுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் கேரியரின் திறப்பு 56 மி.மீ. சதுரம். 65 மி.மீ. நெகட்டிவில் 9 மி.மீ. வெளியே போய்விடும்.

மூன்றாவது கொஞ்சம் சாமர்த்தியமாகத் தோன்றும்: நெகட்டிவைச் சதுரத்துக்குள் மூலைவாட்டில் சாய்த்து வைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 56 மி.மீ. சதுரத்தில் 24 மி.மீ. அகலப் பட்டையை 45 டிகிரி சாய்த்து வைத்தால் மூலைகள் வெட்டுப்படாமல் தெரிவது 55 மி.மீ. நீளம்தான். நேராக வைத்ததைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு!

2. எவ்வளவு பெரிய பிரிண்ட் என்று முடிவு செய்யுங்கள்

விளக்குக் கூண்டைத் தாங்கும் தூணின் உயரமும் அறையின் உயரமும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. பனோரமா படம் சின்னதாகப் போட்டால் ஒரு பட்டை போலத் தெரியும், அதனால் எல்லோரும் சீக்கிரமே பெரிதாகப் போட ஆசைப்படுவார்கள். அந்த ஆசையை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

நான் பரிந்துரைக்கும் அளவு 48 செ.மீ. நீளம். 16×20 அங்குலத் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 8×20 அங்குலப் பட்டைகள் இரண்டு கிடைக்கும், அதாவது 20.3×50.8 செ.மீ. அதில் 48×17.7 செ.மீ. படம் போட்டால் நான்கு பக்கமும் ஏறத்தாழ 1.3 செ.மீ. வெள்ளை ஓரம் தானாகவே அமைந்துவிடும். தாளும் வீணாகாது.

65 மி.மீ. நெகட்டிவை 48 செ.மீ. ஆக்குவது 7.4 மடங்கு. இனி உயரத்துக்கு இரண்டு சூத்திரங்கள்:

லென்ஸிலிருந்து தாள் வரை = குவியத்தூரம் × (1 + மடங்கு)

லென்ஸிலிருந்து நெகட்டிவ் வரை = குவியத்தூரம் × (1 + 1/மடங்கு)

80 மி.மீ. லென்ஸில் இரண்டையும் கூட்டினால் சுமார் 76 செ.மீ. 105 மி.மீ. லென்ஸில் சுமார் 1 மீட்டர். இது தாளிலிருந்து நெகட்டிவ் வரை மட்டும். அதற்கு மேலே விளக்குக் கூண்டு, கீழே மேசை. மேசை 75 செ.மீ., நெகட்டிவ் 1 மீட்டர், கூண்டு 40 செ.மீ. என்றால் மொத்தம் 2.15 மீட்டர். குளியலறையையோ பரணுக்குக் கீழே உள்ள மூலையையோ டார்க்ரூம் ஆக்கப்போகிறவர்கள் இன்றே டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

3. எந்த வகுப்பு என்லார்ஜர் என்று தேர்ந்தெடுங்கள்

24×65-க்குக் குறைந்தபட்சம் 6×7. அதன் கேரியரில் 69 அல்லது 70 மி.மீ. நீளம் கிடைக்கும், ஆக நம் நெகட்டிவின் இரு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி இருக்கும். டர்ஸ்ட் எம்670, எல்பிஎல் 7700 இந்த வகுப்பு. இடம் சிறியதாக இருந்தால் இவை நல்ல தேர்வு.

ஆனால் என் விருப்பம் 6×9 தான். மியோப்டா மேக்னிஃபாக்ஸ், பெசலர் 23சி, பழைய க்ரோகஸ் 69 எல்லாம் இதில் சேரும். 84 மி.மீ. நீளத்துக்கு இடம் இருப்பதால் வெளிச்சம் விளிம்பு வரை தாராளமாக விழும், 6×7-இல் நெகட்டிவ் எல்லையை ஒட்டி நிற்பதுபோல் இதில் நிற்காது. நாளை ஸ்ப்ராக்கெட் ராக்கெட் போன்ற ஒன்றில் எடுத்தாலும் வேறு என்லார்ஜர் தேட வேண்டாம்.

4×5 அங்குல என்லார்ஜரில் 24×65 போட முடியுமா என்றால், தாராளமாக. ஆனால் அதன் கேரியர்களும் கண்டென்சர்களும் பெரிது, நம் அளவுக்கு ஏற்ற பாகம் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய என்லார்ஜர் என்பதற்காக மட்டும் அதை வாங்காதீர்கள்.

வைட்லக்ஸ், ஹொரைசான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்களுக்கு 6×6-இல் இழப்பு 2 அல்லது 3 மி.மீ. மட்டுமே. சில 6×6 என்லார்ஜர்களில் கேரியருக்குக் கீழே உள்ள துளை வட்டமாக, 56 மி.மீ.-ஐவிட அகலமாக இருக்கும். அப்படியிருந்தால் கேரியரை மட்டும் அரத்தால் இரு பக்கமும் ராவிச் சரிசெய்யலாம். ராவும் முன் கேரியரை எடுத்துவிட்டு அந்தத் துளையை அளங்கள். அது சதுரமாக இருந்தால் ராவிப் பயனில்லை.

4. வெளிச்சம்: கண்டென்சரா, டிஃப்யூசரா?

பனோரமாவுக்கு நான், ஒளியைக் குவிக்காமல் சிதறவிடும் டிஃப்யூசர் பக்கம். காரணம் இரண்டு. ஒன்று, நீளமான நெகட்டிவில் தூசியும் கீறலும் விழ இடம் அதிகம். வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக நீண்டு கிடக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் கண்ணில் குத்தும். டிஃப்யூசர் அவற்றை மட்டுப்படுத்தும். இரண்டு, கோடி முதல் கோடி வரை சீரான வெளிச்சம் பெறுவது அதில் எளிது.

கண்டென்சர் மோசம் என்று சொல்லவில்லை. அதே நெகட்டிவுக்குக் கான்ட்ராஸ்ட் கூடுதலாக வரும், பல்பின் சக்தியும் வீணாகாது. ஆனால் கண்டென்சரின் விட்டம் நெகட்டிவின் குறுக்களவைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். நமக்கு 69 மி.மீ., ஆகவே 75-க்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். பெசலர் 23சி-யில் கூண்டை ஃபார்மட்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் கைப்பிடி உண்டு, அதைப் பெரிய அளவுக்குத்தான் வைக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் என்பதற்காக அதை 35-இல் வைத்துவிட்டு, ஓரங்கள் மங்குகின்றன என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு.

கலர் ஹெட்டில் (நிற ஃபில்டர்கள் உள்ள விளக்குக் கூண்டு) இதே தவறு வேறு உருவத்தில் வரும். ஃபில்டருக்கும் நெகட்டிவுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கலவைப் பெட்டி இருக்கும், ஃபார்மட்டுக்கு ஒன்று. நான் வாங்கிய முதல் 6×7 என்லார்ஜரில் விற்றவர் 35 மி.மீ. பெட்டியை வைத்தே கொடுத்திருந்தார். பிரிண்ட்டின் இரு கோடியும் வெளுத்துக்கொண்டே வந்தன. லென்ஸ் மாற்றினேன், பேப்பர் மாற்றினேன், மூன்று வாரம் போயிற்று. கடைசியில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் பெட்டி தெரிந்தது. வாங்குமுன் ஹெட்டைத் திறந்து பெட்டியின் வாயை ஸ்கேலால் அளங்கள். 65-க்கு மேல் இருக்க வேண்டும்.

கலர் ஹெட்டின் இன்னொரு வசதி, மஞ்சள் மெஜந்தா டயல்களைத் திருப்பியே மல்டிகிரேடு பேப்பரின் கான்ட்ராஸ்டை மாற்றலாம், தனி ஃபில்டர் செட் வாங்க வேண்டாம். எல்இடி விளக்கு மாட்டிய ஹெட் என்றால், ஒரே நெகட்டிவை மிக மென்மையான ஃபில்டரிலும் மிகக் கடுமையான ஃபில்டரிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல வந்தால் அந்த வெளிச்சத்தில் மல்டிகிரேடுக்கு வேண்டிய நீலமோ பச்சையோ குறைகிறது.

5. கேரியர்: கண்ணாடியோடுதான்

நெகட்டிவ் 36 மி.மீ. நீளம் இருக்கும்போது கண்ணாடியில்லாத கேரியர் சமாளிக்கும். 65 மி.மீ. ஆனதும் விளக்கின் சூட்டில் நடுப்பகுதி மெல்ல வளைந்துவிடும். நீங்கள் ஃபோகஸ் செய்தபோது ஒரு நிலை, பேப்பர் வைத்து டைமரை அழுத்தும்போது வேறொரு நிலை. நடுவில் கூர்மை, ஓரத்தில் மசமசப்பு, அல்லது தலைகீழாக. அதனால் கண்ணாடிக் கேரியர் இல்லாமல் பனோரமா பிரிண்ட் போட உட்காராதீர்கள்.

மேல் கண்ணாடி நியூட்டன் வளையம் வராத சொரசொரப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். ஃபிலிமின் பளபளப்பான முதுகு வழவழப்பான கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் பிரிண்ட்டில் விழும். கீழே, எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கம், சாதாரணத் தெளிவான கண்ணாடி போதும். அந்தப் பக்கம் மேட் ஆக இருப்பதால் பெரும்பாலும் வளையம் வராது. சொரசொரப்புக் கண்ணாடியைக் கீழே வைத்துவிடாதீர்கள், அதன் சொரசொரப்பே படத்தில் தெரியலாம்.

24×65 அளவுக்குத் தனிக் கேரியர் தேடி அலைய வேண்டியதில்லை. 6×7 அல்லது 6×9 கண்ணாடிக் கேரியரை எடுத்து, மெல்லிய கருப்புத் தாளில் உங்கள் படத்தைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாகச் சன்னல் வெட்டி, கீழ்க் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். அடியில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தாளை வைத்தால் ஃபிலிம் தட்டையாக அழுந்தாது. அடியில் ஒட்டுவதால் சன்னலின் விளிம்பு பிரிண்ட்டில் மங்கலாக விழும், அதை ஈசலின் (பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம்) பட்டைகளால் மறைத்துக்கொள்ளலாம்.

மறைப்பே இல்லாமல் திறந்து விடுவது பெரிய பிழை. நெகட்டிவைச் சுற்றி வழியும் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி நிழல்களின் கருப்பை வெளுக்கவைக்கும். பல்சக்கர ஓட்டைகள் வழியே வருவதும் இதில் சேர்த்தி.

கண்ணாடிக் கேரியரில் தூசி உட்காரும் பரப்புகள் ஆறு: இரண்டு கண்ணாடிக்கு நான்கு, ஃபிலிமுக்கு இரண்டு. ஒவ்வொன்றையும் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் ஊதி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகே மூடுங்கள். ஃபிலிமை வெட்டும்போதும் ஒரு கவனம்: எக்ஸ்பான் படங்களை மூன்று மூன்றாக வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டினால் கேரியரில் நேராக வைப்பது சிரமம், மூன்று என்றால் வழக்கமான 35 மி.மீ. உறையிலும் அடங்கும்.

6. லென்ஸ்

80 மி.மீ. குறைந்தபட்சம். அது 6×6-க்கான லென்ஸ், 79 மி.மீ. குறுக்களவை எட்டும், நம் 69-க்குப் போதும். 35 மி.மீ. ஃபிலிமுக்குப் பழக்கமான 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் இரண்டு கோடியும் இருண்டு, கூர்மையும் குலைந்துவிடும்.

இடம் இருந்தால் 105 மி.மீ. வாங்குங்கள். இதற்கு வெளிச்சச் சரிவு காரணம். 48 செ.மீ. பிரிண்ட்டுக்கு 80 மி.மீ. லென்ஸில் நடுவில் விழும் வெளிச்சத்தைவிடக் கோடியில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 105-இல் எட்டில் ஒரு பங்குதான் குறையும்.

இந்தச் சரிவு உங்கள் கேமராவோடு எப்படிச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். எக்ஸ்பானின் 45 மி.மீ. லென்ஸில், சென்டர் ஃபில்டர் (நடுவை மட்டும் சற்று இருட்டாக்கும் ஃபில்டர்) இல்லாமல் எடுத்தால் நெகட்டிவின் ஓரங்கள் கொஞ்சம் மெலிந்திருக்கும், பிரிண்ட்டில் அவை கருக்கும். என்லார்ஜரின் சரிவோ ஓரங்களை வெளுக்கவைக்கும். ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். வைட்லக்ஸ், ஹொரைசான் நெகட்டிவ் அப்படியில்லை. சுழலும் லென்ஸ் என்பதால் நீளவாக்கில் சரிவே இருக்காது, ஆகவே என்லார்ஜரின் சரிவு முழுதாகப் பிரிண்ட்டில் தெரியும். அவர்களுக்கு 105 இன்னும் அவசியம்.

ரோடன்ஸ்டாக் ரோடகான், ஷ்னைடர் காம்போனான்-எஸ், நிக்கானின் இஎல்-நிக்கார் மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம். பெயரைவிட நிலைதான் முக்கியம். 80 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 39 மி.மீ. மரையில் வரும், 150-க்கு மேல் 50 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய மரை. லென்ஸ் போர்டு கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

7. 6×12, 6×17 வைத்திருப்பவர்களுக்கு

6×12 நெகட்டிவ் வழக்கமாக 56×112 மி.மீ., குறுக்களவு 125. சில கேமராக்களில் நீளம் 120 வரை போகும். 6×9 என்லார்ஜரில் வாய்ப்பே இல்லை, 4×5 வேண்டும்: ஒமேகா டி2 அல்லது டி5, பெசலர் 45, டி வேர் 504, டர்ஸ்ட் லேபரேட்டர் 1200, எல்பிஎல் 4500. லென்ஸ் 135 அல்லது 150 மி.மீ. 120 மி.மீ. நீளப் படம் என்றால் 4×5 கேரியரின் திறப்பு அதை முழுதாகக் காட்டுகிறதா என்று அளந்து பார்க்கவும். பல கேரியர்கள் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

6×17 வேறு உலகம். ஃபூஜி ஜி617 போன்றவற்றில் படம் 56×168, குறுக்களவு 177. 4×5 ஷீட்டில் விழும் படத்தின் குறுக்களவே சுமார் 153 என்பதால் சாய்த்து வைத்தும் பயனில்லை. 5×7 அங்குல என்லார்ஜர்தான் வழி: டர்ஸ்ட் லேபரேட்டர் 138, டி வேர் 507, பழைய எல்வுட் 5×7. லென்ஸ் 180 அல்லது 210. இவை கனமானவை. தூக்க மூன்று பேர், வைக்க உறுதியான தரை, வாசலை அளந்து பார்ப்பது எல்லாம் முதலிலேயே வேண்டும்.

அது கைக்கெட்டாவிட்டால், 5×7 வியூ கேமரா வைத்திருக்கும் நண்பர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் பின்பக்கம் நெகட்டிவும் பால் கண்ணாடியும் எல்இடி பலகையும் வைத்து, சுவரில் பேப்பரை மாட்டிக் கிடைமட்டமாகப் பிரிண்ட் போடலாம். மெதுவான வேலை, ஆனால் நடக்கும். காத்திருக்கும் காலத்தில், நெகட்டிவைப் பேப்பரோடு ஒட்ட வைத்து அதே அளவில் போடும் கான்டாக்ட் பிரிண்ட் போட்டு வாருங்கள். 17 செ.மீ. நீளப் படம் கையில் வைத்துப் பார்க்க மிக அழகு.

8. தேடுவதும் விற்பவரிடம் கேட்பதும்

நம் ஊரில் முதலில் விசாரிக்க வேண்டியது பழைய ஸ்டுடியோக்களை. பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் கருப்பு வெள்ளையில் போட்ட காலத்து என்லார்ஜர் பலரிடம் மாடியில் துணி போர்த்திக் கிடக்கிறது. 120 ரோல் ஃபிலிமில் வேலை செய்தவர்களிடம் 6×6-க்கு மேற்பட்டது இருக்க வாய்ப்பு உண்டு. "என்லார்ஜர் இருக்கா அண்ணே?" என்பதோடு நிறுத்தாமல், "பெரிய நெகட்டிவ் போடுவீங்களா, எந்த சைஸ் வரைக்கும்?" என்று கேளுங்கள்.

தூரத்திலிருந்து வாங்கினால் இந்தப் படங்களை அனுப்பச் சொல்லுங்கள்: கேரியர்மேல் ஸ்கேல் வைத்து ஒன்று, ஹெட்டைத் திறந்து ஒன்று, விளக்கு எரியும்போது வெள்ளைத் தாளில் விழும் வட்டம் ஒன்று, மின்னிணைப்புத் தகடு ஒன்று. இவற்றை எடுத்து அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

மின்னழுத்தத்தை மறக்க வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வருபவை பெரும்பாலும் நம் 230 வோல்ட்டுக்கு ஒத்துவரும். அமெரிக்க என்லார்ஜர்கள் 120 வோல்ட், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கலர் ஹெட் பலவற்றில் குறைந்த வோல்ட் ஹாலஜன் பல்பு, தனி பவர் சப்ளை. அந்தப் பெட்டி இல்லாமல் ஹெட்டை மட்டும் மலிவாக விற்பார்கள், விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியைத் தனியாகத் தேடுவது என்லார்ஜரைத் தேடுவதைவிடக் கஷ்டம்.

விலை பேசும்போது எதற்குப் பணம் கொடுக்கலாம்? கண்ணாடிக் கேரியர், சரியான கண்டென்சர் அல்லது கலவைப் பெட்டி, நல்ல லென்ஸ். பெயின்ட் உரிந்த தூணுக்கும் கறை படிந்த அடிப்பலகைக்கும் விலையைக் குறைக்கச் சொல்லலாம், பிரிண்ட்டில் அவை தெரியப்போவதில்லை.

9. நேரில் பார்க்கும்போது

வரிசையாகப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். லேசான தூசி பரவாயில்லை. பூஞ்சை படர்ந்திருந்தால் லென்ஸை விட்டுவிட்டு என்லார்ஜருக்கு மட்டும் விலை பேசுங்கள்.

லென்ஸுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸை முழுக்க நீட்டி, உள்ளே டார்ச் வைத்து, அறையை இருட்டாக்கி ஓட்டை தேடுங்கள். தூணில் ஹெட்டை மேலேற்றிக் கையை எடுத்துப் பாருங்கள், தானாக இறங்கக் கூடாது. உச்சத்தில் வைத்து மேசையைத் தட்டினால் ஆட்டம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். நமக்குப் பெரும்பாலும் உச்சத்தில்தான் வேலை.

அப்புறம் உங்கள் நெகட்டிவைக் கேரியரில் வைத்து இரு கோடியும் கீழே தெரிகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். எல்லாக் கணக்கும் சரியாக இருந்து இது தவறிய என்லார்ஜர்களையும் பார்த்திருக்கிறேன், கேரியர் சட்டத்தின் உதடு மூன்று மில்லிமீட்டரை மறைத்திருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய வயரை மாற்றி மூன்று பின் பிளக் போடுங்கள். உலோக உடம்பு, பக்கத்திலேயே ஈரக் கை. எர்த் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

10. நேர்படுத்துதல்

நெகட்டிவ், லென்ஸ், தாள் மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சின்னச் சாய்வு சதுரப் படத்தில் தெரியாமல் போகலாம். 48 செ.மீ. நீளத்தில் கட்டாயம் தெரியும்.

முதலில் ரசமட்டத்தை அடிப்பலகை, கேரியர் மேடை, லென்ஸ் போர்டு மூன்றிலும் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, கருத்த ஃபிலிம் துண்டில் ஊசியால் இரு கோடியிலும் நடுவிலும் பெருக்கல் குறி கீறுங்கள். அதைக் கேரியரில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, கிரேன் ஃபோகசரால் (தாளில் விழும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஃபோகஸ் பார்க்க உதவும் கருவி) நடுக்குறியைக் கூர்மையாக்குங்கள். பிறகு இரு கோடியையும் பாருங்கள்.

ஒரு கோடி மட்டும் மங்கல் என்றால் சாய்வு, ஹெட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு மங்கல் என்றால் ஃபிலிம் வளைந்திருக்கிறது அல்லது லென்ஸின் குணம் அது. எஃப்/8-க்கு மூடிப் பாருங்கள், சரியாகிவிட்டால் கவலையில்லை. சில கிரேன் ஃபோகசர்களில் கோடிவரை பார்க்க முடியாது, கண்ணாடியின் கோணம் இடம் கொடுக்காது. அப்படியானால் ஒரு பிரிண்ட் போட்டு லூப்பால் பார்ப்பதே நம்பகமான வழி.

அடுத்து வெளிச்சச் சோதனை. நெகட்டிவ் இல்லாமல், கேரியரும் மறைப்பும் மட்டும் வைத்து, எஃப்/8-இல் ஒரு முழுப் பட்டைத் தாளை வெளிர் சாம்பல் வரும்படி போடுங்கள். வெளிர் சாம்பல்தான் சிறு வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கும். இரு கோடியும் ஒரே அளவுக்கு வெளுத்திருந்தால் அது லென்ஸின் இயல்பான சரிவு. ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பு நடுவில் இல்லை. மூலைகள் திடீரென்று வட்டமாக வெட்டினாற்போல வெளுத்தால் கண்டென்சர் அல்லது கலவைப் பெட்டி சிறிது. இந்தத் தாளை உலர்த்திச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

11. முதல் பிரிண்ட்

பாதுகாப்பு விளக்கில் 16×20 தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, உறையில் திருப்பி வைத்துவிடுங்கள். ஒரு துண்டிலிருந்து சோதனைக்குச் சின்னத் துண்டுகள் மூன்று எடுத்து இடது, நடு, வலது என்று வையுங்கள். நடுவில் மட்டும் சோதித்து நேரம் கணிப்பதுதான் பனோராமாவில் வரும் முதல் ஏமாற்றத்துக்குக் காரணம். ஒரு கோடியில் வெயில், மறு கோடியில் நிழல் என்று ஒரே படத்தில் இரண்டு பொழுதுகள் இருக்கும்.

நான்கு பட்டை ஈசல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மட்டமான பலகையில் வெள்ளைத் தாள் ஒட்டி, 20.3×50.8 கோடு போட்டு, மூலைகளில் அட்டைத் தடுப்பு வைத்தாலே போதும். அப்படிச் செய்பவர்கள் சன்னலின் மங்கலான விளிம்பைப் பிரிண்ட் உலர்ந்த பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எஃப்/8-இல் அடிப்படை நேரத்தைப் போட்டு, சாம்பல் சோதனையில் கோடிகள் வெளுத்திருந்தால் அட்டையால் நடுவை மறைத்து இரு கோடிக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். 80 மி.மீ. லென்ஸில் கடைக்கோடிக்கு ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 20 விநாடி என்றால் இன்னொரு 5 விநாடி. அட்டையை நிறுத்திப் பிடிக்காமல் நடுவிலிருந்து கோடிக்கு நகர்த்திக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் கோடு விழும்.

டெவலப்பர் தட்டு 50 செ.மீ. பட்டை தட்டையாகக் கிடக்கும் நீளம் இருக்க வேண்டும். சின்னத் தட்டில் சுருட்டி முக்கினால் ஒரு முனை முந்திக்கொண்டு கருக்கும், அத்தனை நேரம் சீராக்கிய வெளிச்சம் அங்கே கெட்டுப்போகும். 16×20 தட்டு வாங்க இடமில்லையென்றால், நீளமான பிளாஸ்டிக் பூத்தொட்டியை அடித்துளை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். குறுகலாக இருப்பதால் கரைசலும் குறைவாகத்தான் பிடிக்கும்.